உஷார்! துப்போடு வருபவரைத் துருவிப் பாருங்கள்

வாளையார் சோதனைச்சாவடி வசூல், ரேஷன் அரிசிக் கடத்தல், எல்லை தாண்டி வந்து கொட்டப்படும் கழிவு, குமுளிப் பக்கம் போனால் முல்லைப் பெரியாறு அணை. தமிழக-கேரள எல்லையோரத்தில் செய்திக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம். விளம்பரம் வற்றிப்போன சின்னப் பத்திரிகைக்கும் யூடியூப் சேனலுக்கும் சொந்தமாகப் புலனாய்வுக் குழு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார், ஆதாரம் கையில் இருக்கிறது, நீங்கள் போட்டால் போதும்" என்பார். அவரோடு கைகோக்கும் முன் 2022 அக்டோபரில் டெல்லியில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

'தி வயர்' சாதாரண நிறுவனமல்ல. வாசகர் நன்கொடையை நம்பி, வழக்குகளுக்கு நடுவே நடக்கும் செய்தித்தளம். பா.ஜ.க.வின் அமித் மாளவியா புகார் செய்தாலே இன்ஸ்டாகிராம் பதிவுகள் கேள்வியின்றி நீக்கப்படுகின்றன என்று அக்டோபர் 10ஆம் தேதி எழுதியது. இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா உடனே மறுத்தது. மறுநாளே மெட்டா அதிகாரி ஆண்டி ஸ்டோன் அனுப்பியதாக ஒரு மின்னஞ்சலை வயர் வெளியிட்டது. அதுவும் போலி என்றது மெட்டா. 15ஆம் தேதி, மின்னஞ்சல் உண்மைதான் என்பதற்கு மின்கையொப்பச் சோதனை வீடியோவும், இரண்டு வெளி நிபுணர்களின் சான்றும் வந்தன. அங்கேதான் எல்லாம் உடைந்தது. சான்று கொடுத்ததாகச் சொல்லப்பட்ட நிபுணர்களே, அது தங்களுடையதல்ல என்று மறுத்தார்கள். நிபுணரின் மின்னஞ்சல் என்று காட்டிய படங்களில் 2022 இருக்க வேண்டிய இடத்தில் 2021 என்றிருந்ததை வாசகர்களே கண்டுபிடித்தார்கள். மெட்டாவின் உள்தளக் கணக்கு என்று ஆதாரமாகக் காட்டியது, அக்டோபர் 13ஆம் தேதிதான் வெளியாள் ஒருவரால் இலவசச் சோதனைக் கணக்காகத் திறக்கப்பட்டது என்றது மெட்டா. முதல் செய்தி வந்த பிறகு!

23ஆம் தேதி வயர் செய்திகளைத் திரும்பப் பெற்றது. தன் குழுவைச் சேர்ந்த தொழில்நுட்ப ஆய்வாளர் ஒருவர் தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி, அவர் மீது போலீசில் புகார் கொடுத்தது. ஒரு ரகசியச் செயலி பற்றி அதே ஆள் பங்கெடுத்த பழைய 'டெக் ஃபாக்' புலனாய்வும் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. மாளவியாவின் புகாரில் போலீஸ் 31ஆம் தேதி ஆசிரியர்களின் வீடுகளைச் சோதனையிட்டு, போன்களையும் கணினிகளையும் கொண்டுபோனது. செய்தியை மறுத்தால் போதும், இப்படி வீட்டுக்குள் நுழைவது அத்துமீறல் என்பதே என் கருத்து. ஆனால் நுழையச் சாக்குக் கொடுத்தது அந்தக் கூட்டாளித் தேர்வு.

ஆதாரம் கொண்டு வருவதும், சோதிப்பதும், நிபுணரிடம் பேசி வாங்குவதும் ஒரே ஆள் கையில் இருந்ததுதான் ஆபத்து. ஆசிரியர் அந்த நிபுணர்களுக்குத் தானே போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதே வயர்தான் 2021 ஜூலையில் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்தியில் பங்கெடுத்தது. அங்கே பாரிஸின் ஃபர்பிடன் ஸ்டோரீஸ் ஒருங்கிணைத்தது, அம்னெஸ்டியின் ஆய்வகம் போன்களைச் சோதித்தது, அந்த ஆய்வுமுறையை டொராண்டோவின் சிட்டிசன் லேப் தனியே பரிசீலித்தது. பல நாட்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று சரிபார்த்தன. அதனால்தான் அரசு மறுத்தும் அந்தச் செய்தி நின்றது.

கேரளத்திலும் கசப்பு உண்டு. 2017 மார்ச் 26இல் தொடங்கிய மங்களம் டிவி, அன்றே அமைச்சர் ஏ.கே. சசீந்திரனின் அந்தரங்கத் தொலைபேசிப் பேச்சை ஒளிபரப்பியது. குறை சொல்ல வந்த பெண்ணிடம் பேசியது என்றார்கள். நாலு நாளில், பேசியது தங்கள் பெண் நிருபர்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் தலைமை நிர்வாகி. பிறகு கைதானார். புதுச் சேனலின் பேர் முதல் வாரத்திலேயே கெட்டது.

எல்லையில் இப்படித் தவறுவதற்கு விலை இன்னும் அதிகம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் குமுளி, கம்பம் எரிந்தபோது, இடுக்கி எஸ்டேட்டுகளில் வேலைபார்த்த தமிழ்த் தொழிலாளிகள் உயிருக்குப் பயந்து தேனிப் பக்கம் ஓடி வந்தார்கள். அணையைப் பற்றி ஒரு போலி 'ரகசிய அறிக்கை' இன்று வாட்ஸ்அப்பில் பறந்தால் என்னாகும்? மன்னிப்புக் கேட்பதற்குள் பஸ் கண்ணாடிகள் உடைந்திருக்கும்.

ஆகவே வருகிறவரைக் கேளுங்கள். இதற்கு முன் எங்கே எழுதினார்? அங்கே ஏன் விலகினார்? காசு யார் கொடுக்கிறார்? ஆவணத்தின் மூலக் கோப்பைத் தருவாரா, ஸ்கிரீன்ஷாட் மட்டும்தானா? "சோர்ஸைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லி ஆசிரியரிடம்கூடப் பெயரைச் சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். வாசகருக்குச் சொல்லாமல் காப்பது தர்மம். ஆசிரியருக்கே மறைப்பது வேறு. சரிபார்க்க நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆள், அவர் அறிமுகப்படுத்தாத ஆளாக இருக்கட்டும். எதிர்த்தரப்பு மறுத்தால் கோபத்தில் மறுநாளே இன்னொரு ஆதாரத்தை வீசாதீர்கள். போட்டிச் சேனல் முந்திக்கொண்டால் முந்தட்டும், இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.