அரை மூளையை ஏன் தூங்க வைக்கிறார்கள்?

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு, அது கிளம்பும் இடத்தையே மூளையிலிருந்து வெட்டி அகற்றுவதுண்டு. அங்கே பேச்சோ நினைவோ குடியிருந்தால்? 1953இல் அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு மூளையின் இருபக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, புதிய நினைவு தங்காமல் போனது.

அப்படி நேராமல் பார்ப்பதுதான் வாடா சோதனை. ஜப்பானியரான ஜூன் வாடா 1949இல் இதைப் பற்றி எழுதினார். தொடையிடுக்கு நாடி வழியே மெல்லிய குழாயைக் கழுத்து நாடி வரை ஏற்றி, அந்தப் பக்கத்து அரை மூளையைச் சற்றுநேரம் தூங்க வைக்கும் அமோபார்பிட்டால் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். இடப்பக்கம் செலுத்தினால், தூக்கிப் பிடித்த வலக்கை சரியும். பெரும்பாலோருக்குச் சில நிமிடம் பேச்சும் நின்றுவிடும். அந்நேரம் படங்களைக் காட்டி, தெளிந்தபின் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால், மறுபாதி தனியே நினைவைத் தாங்கும்.

எந்தக் கைப்பழக்கம் என்பதைப் பார்த்து, பேச்சு எந்தப் பக்கம் என்று முடிவுகட்ட முடியாது. இடக்கைக்காரரிலும் பத்தில் ஏழு பேருக்குப் பேச்சு இடப்பக்கமே.

சோதனை நோயாளியின் மொழியில், அவர் அறிந்த பொருள்களோடு நடக்க வேண்டும். நெடுந்தீவு ஆச்சியிடம் பனிக்கரடிப் படத்தை நீட்டினால், திணறுவது மூளையா, பழக்கமின்மையா? குதிரை, பனை, வள்ளம் என்றால் குழப்பமில்லை.

குழாய் ஏற்றுவதில் பக்கவாத ஆபத்து சிறிதளவு உண்டு. அதனால் பேச்சின் பக்கத்தை அறிய இன்று பெரும்பாலும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கான்தான்.

இரண்டு மருந்துகளை ஒழுங்காகப் போட்டும் வலிப்பு நிற்கவில்லையா? நெடுந்தீவுக்காரர் என்றால் படகில் வந்து குறிகாட்டுவானில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், நரம்பியல் மருத்துவரிடம் சத்திரசிகிச்சை பற்றிக் கேளுங்கள்.