பெயர்ப்பலகையும் பிள்ளையின் ஈமானும்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் பத்ருப் போர் முடிந்தபின், சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப் பணம் செலுத்த வழியற்ற, ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்த சிலருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வழி காட்டினார்கள். மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவிப்பதே அவர்களுடைய விடுதலைக்கு விலையாயிற்று என்று வரலாறு கூறுகிறது. எழுத்தை எவரிடமும் கற்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆனால், அச்சிறுவர்கள் ஈமானையும் ஒழுக்கத்தையும் கற்றது பெருமானாரின் மஸ்ஜிதில் அன்றோ!

இவ்வேறுபாட்டை, துபாயிலும் ஷார்ஜாவிலும் குடும்பத்தோடு வாழும் நம் சகோதரர்கள் மறந்துவிடலாகாது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்ற தந்தையர் பலர், பிரிட்டிஷ் பாடத்திட்டமும் இஸ்லாமியச் சூழலும் ஒருங்கே அமைந்த பள்ளியைத் தேடுகின்றனர். தேட்டம் நல்லதே. ஆனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பாடத்திட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தால் இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டம் உருவாயிற்று. 5 வயது முதல் 16 வயது வரை நான்கு கட்டங்கள், 16இல் ஜி.சி.எஸ்.இ. அல்லது அதன் பன்னாட்டு வடிவம். 18இல் ஏ லெவல் தேர்வு. இது ஒரு பாத்திரம் போன்றது. அதில் பாலை வார்ப்பதும் வேறொன்றை வார்ப்பதும் பள்ளியின் கையில் இருக்கிறது.

அடுத்து, அமீரகத்தில் எல்லாத் தனியார் பள்ளிகளிலும் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயப் பாடமாகும். ஆகவே, இஸ்லாமியப் பாடவேளை உண்டு என்பது மட்டும் ஒரு பள்ளியின் தனிச் சிறப்பாகாது. தன்னை இஸ்லாமியச் சூழலுடையது என்று சொல்லிக்கொள்ளும் பள்ளி, அதற்கு மேல் என்ன தருகிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். ளுஹர் நேரம் வகுப்புகளுக்கு இடையில்தான் வருகிறது. ஒளுச் செய்ய இடமும் தொழ அவகாசமும் உண்டா? ஆசிரியர்களும் பிள்ளைகளோடு ஸஃப்பில் நிற்கிறார்களா, அன்றிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்கள் ஓய்வறையில் அமர்கிறார்களா? குர்ஆனை ஓசையோடு மட்டும் ஓதுகிறார்களா, பொருளும் சொல்லித் தருகிறார்களா? வாயிற்காவலரையும் துப்புரவு செய்பவரையும் எப்படி அழைக்கிறார்கள்? பின்தங்கிய மாணவனை எப்படி நடத்துகிறார்கள்? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையில் தவ்ஹீதும் தொழுகையும் மட்டுமல்ல, செருக்கின்றி நடப்பதும் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் இடம்பெற்றுள்ளன. அவையும் ஈமானின் அடையாளங்களே.

துபாய் அரசின் ஆய்வாளர்கள் வெளியிட்டுள்ள பள்ளி அறிக்கைகளில் இஸ்லாமியக் கல்விக்குத் தனி மதிப்பீடு உண்டு. விளம்பரத்தைப் படிக்கும் முன் அதைப் படியுங்கள். கேம்பிரிட்ஜ் தேர்வில் இஸ்லாமியாத் என்ற பாடமும் இருக்கிறது. திருமறை, நபிமொழி ஆகியவற்றின் வரலாறும், பெருமானாரின் வாழ்வும், நேர்வழி நடந்த கலீஃபாக்களின் காலமும் அதில் அடங்கும். பள்ளியில் அதற்கு வாய்ப்புண்டா என வினவுங்கள்.

தாயகம் திரும்பும் நாளையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் கல்லூரியில் சேர, ஏ லெவல் தேர்ச்சிக்குச் சமநிலைச் சான்று தேவைப்படும். மருத்துவம் பயில விரும்பும் பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். 16 வயதில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்காவிடில், பிற்பாடு வருந்த நேரிடும்.

இன்னொன்று. இஸ்லாமியப் பள்ளியின் கட்டணத்திற்காக வட்டிக்குக் கடன் வாங்கும் பெற்றோர் உண்டு. ஹராமான வாயிலின் வழியே ஹலாலான கல்விக்குள் பிள்ளையை அழைத்துச் செல்வது என்ன நியாயம்? வசதிக்கு உட்பட்ட எளிய பள்ளியும், மாலையில் ஓதித் தரும் ஓர் உஸ்தாதும், அக்குடும்பத்திற்குப் பன்மடங்கு பரக்கத் ஆகலாம்.

எத்துணைச் சிறந்த பள்ளியாயினும், சுபுஹுக்குப் பிள்ளையை எழுப்பப் போவதில்லை. 2022 முதல் அமீரகத்தின் பெரும்பகுதியில் வெள்ளிக்கிழமை அரைநாள் வேலைநாளாயிற்று. மகனின் கைபிடித்து ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்வது தந்தையின் பொறுப்பு. பாட்டியோடு தமிழில் பேசவும், நம் ஊர் ஆலிம்களின் பயானைப் புரிந்துகொள்ளவும் பழக்குவது தாயின் மடியே. பள்ளி, வீட்டிற்குத் துணையாகுமே தவிர, வீட்டிற்குப் பதிலாகாது.

பெற்றோரே! பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு ரக்அத் தொழுது, வல்ல இறைவனிடம் நன்மையை வேண்டி இஸ்திகாரா செய்யுங்கள். இம்மையின் அறிவும் மறுமையின் வெற்றியும் நம் மக்களுக்கு ஒருசேரக் கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.