பாதாம் பாலுக்கு மாறப் போறீங்களா? முதல்ல லேபிளைப் பாருங்க!

கல்யாண வீட்டில் தரும் பாதாம் பால் வேறு. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பாதாம் பால் வேறு. முதலாவது, மாட்டுப் பாலில் பாதாம் அரைத்துக் கலந்தது. இரண்டாவது, பாதாமைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டியது. இதில் லாக்டோஸ் இல்லை. அதனால், அது ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புபவர்களுக்கு நிம்மதி.

ஆனால் புரதம்? 250 மி.லி. மாட்டுப் பாலில் சுமார் 8 கிராம். பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராம் அளவுதான். மாறுபவர்கள் அந்தக் குறையைப் பருப்பு, சுண்டல், முட்டை மூலம் ஈடுகட்டணும்.

கால்சியம் சேர்த்திருக்காங்களா, சர்க்கரை எவ்வளவு என்று லேபிளில் பாருங்க. சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலா பாலுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.