கால் இல்லாமல் ஓடும் வீரர்கள்!

ஜப்பானியரைச் சிரிக்க வைக்கும் பொம்மைப் பந்தாட்டம்

தலை பெரியது. உடல் சிறியது. கையில் விரல்கள் இல்லை. முகத்தில் மூக்கு இல்லை.

கால்களும் இல்லை! உடலுக்குக் கீழே இரண்டு பூட்சுகள் மட்டும் இருக்கின்றன.

ஆனாலும் இவர்கள் ஓடுகிறார்கள். பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார்கள். விழுந்து எழுகிறார்கள். தோற்றுப் போனால் கண்ணீர் விடுகிறார்கள்.

யார் இவர்கள்? ஜப்பான் நாட்டு வீடியோ விளையாட்டு ஒன்றின் வீரர்கள்!

அந்த விளையாட்டின் பெயர் "பவர்புல் புரோ யாக்யூ". ஜப்பானியர் அதைச் செல்லமாக "பவாபுரோ" என்று சுருக்கி அழைக்கிறார்கள்.

கொனாமி என்ற கம்பெனி 1994-ம் ஆண்டில் இதை முதன்முதலாக வெளியிட்டது. அன்று அதை டெலிவிஷன் பெட்டியோடு இணைத்து விளையாட வேண்டியிருந்தது. அதன் பிறகு எத்தனையோ புதிய பதிப்புகள் வந்துவிட்டன. அன்று விளையாடிய சிறுவர்கள் இன்று குடும்பஸ்தர்கள்!

ஆசிரியர் கற்றுக்கொடுத்த ஆட்டம்

"யாக்யூ" என்றால் பேஸ்பால் ஆட்டம். இது அமெரிக்காவில் இருந்து ஜப்பானுக்கு வந்தது. ஹோரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர், 1872-ம் ஆண்டில் டோக்கியோவில் தம் மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். இன்று ஜப்பானியருக்கு இதன் மேல் உயிர்!

கோஷ்டிக்கு 9 பேர். ஒருவர் பந்தை எறிவார். எதிரி உருண்டையான மட்டையால் அடிப்பார். அடித்ததும் ஓட வேண்டும். மைதானத்தில் நான்கு தளங்கள் உண்டு. அவற்றை வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் "அவுட்" ஆனால் மறு கோஷ்டியின் முறை. இப்படி 9 சுற்று.

வீடியோ ஆட்டத்திலும் இதே விதிதான். பந்து எறிபவரின் இடத்தில் நீங்கள் இருந்தால், எந்த வகைப் பந்து என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வளைந்து போகும் பந்து, கடைசி நிமிஷத்தில் கீழே விழும் பந்து என்று பல வகை உண்டு.

அடிப்பவரின் இடத்தில் இருந்தால், திரையில் ஒரு சிறிய வளையம் தெரியும். பந்து வரும் இடத்துக்கு அதை நகர்த்த வேண்டும். சரியான நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு!

ஜப்பானில் தொழில்முறைக் கோஷ்டிகள் 12 உண்டு. அவற்றின் நிஜ வீரர்களே பொம்மை உருவில் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே உருண்டை முகம். ஆனால் மட்டை பிடிக்கும் விதம் அசலைப் போலவே இருக்கும்! ரேடியோவில் கேட்பது போல நேர்முக வர்ணனையும் உண்டு.

நீங்களே கதாநாயகன்

1996-ம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதுமை செய்தார்கள். அதற்கு "சக்சஸ்" என்று பெயர். அதாவது "வெற்றி".

இதில் நீங்களே ஒரு வாலிப வீரனை உருவாக்கலாம். பெயர் வைக்கலாம். பயிற்சி கொடுக்கலாம். ஒரு பதிப்பில் அவன் பள்ளிக்கூட மாணவன். இன்னொன்றில் கல்லூரி மாணவன். அவன் லட்சியம் ஒன்றே: பெரிய கோஷ்டியில் சேர வேண்டும்!

அவனுக்கு ஒரு நண்பன். பெயர் யாபே. முகத்தில் மூக்கே இல்லை. ஆனால் மூக்குக் கண்ணாடி மட்டும் இருக்கிறது! எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு வேடிக்கையான வால் சேர்த்துப் பேசுவான். அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

சிரிப்போடு கவலையும் உண்டு. வீரனின் உடல் பலத்துக்கு ஓர் அளவு கோடு இருக்கிறது. பயிற்சி செய்யச் செய்ய அது குறையும். ஓய்வு எடுத்தால் ஏறும். "இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்" என்று களைத்தவனை விரட்டினால் என்ன ஆகும்? காயம் பட்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவான். பல வாரப் பயிற்சி வீணாகும்!

கெடு முடிவதற்குள் திறமை வளராவிட்டால் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

விபரீத டாக்டர்

இந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்டர் வருகிறார். அவர் பெயர் டாக்டர் தைஜோபு. ஜப்பானிய மொழியில் "தைஜோபு" என்றால், "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்று பொருள்.

ஆனால் இவரைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள்!

"உனக்கு ஆபரேஷன் செய்கிறேன். ஒரே நாளில் பெரிய வீரன் ஆகிவிடுவாய்" என்பது போல ஆசை காட்டுவார். ஆபரேஷன் பலித்தால் திறமை மளமளவென்று ஏறும். பலிக்காவிட்டால்? பாடுபட்டுச் சேர்த்த திறமை பறிபோகும். பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சம்மதிப்பதா, மறுப்பதா? பொத்தான் மேல் வைத்த விரல் நடுங்கும்! பல நாள் உழைப்பை ஒரே நொடியில் பணயம் வைப்பதுதானே சூதாட்டம்!

பத்தில் ஏழு தோல்வி

குறுக்கு வழி வேண்டாம் என்றால் மிஞ்சுவது பொறுமை ஒன்றுதான்.

பேஸ்பால் ஆட்டமே பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் ஆட்டம். ஜப்பானில் ஆடிய சதாஹாரு ஓ என்ற மாவீரரைப் பாருங்கள். 1959 முதல் 1980 வரை 22 ஆண்டுகள் ஆடினார். 868 ஹோம் ரன் அடித்தார். ஜப்பானில் வேறு யாரும் இத்தனை அடித்தது இல்லை.

அவருடைய கணக்கு என்ன தெரியுமா? கணக்கில் சேரும் 9,250 தடவைகளில், பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தது 2,786 தடவைதான். அதாவது, பத்துக்கு மூன்று. மற்ற ஏழும் தோல்வி! பத்தில் ஏழு தடவை தோற்ற அவரைத்தான் உலகம் மாவீரர் என்கிறது.

மண் அள்ளும் மாணவர்கள்

ஜப்பானில் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டி நடக்கிறது. 1915-ம் ஆண்டில் தொடங்கியது. நிஷினோமியா என்ற ஊரில், 1924-ம் ஆண்டில் திறந்த கோஷியென் மைதானத்தில் நடக்கிறது.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மோதுகின்றன. கோஷியெனுக்கு வந்து சேருபவை 49 பள்ளிகள்தான். ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தோல்வியே காணாமல் முடிப்பது ஒரே ஒரு பள்ளி!

தோற்ற மாணவர்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்த மண்ணை ஞாபகப் பொருளாகப் பாதுகாப்பார்கள்.

பொம்மை ஆட்டத்திலும் கோஷியென் உண்டு. 2007-ம் ஆண்டுப் பதிப்பில், பள்ளிக் கோஷ்டியின் பயிற்சி ஆசிரியராக நீங்கள் இருக்கலாம். மூன்று ஆண்டு முடிந்ததும் உங்கள் சிறந்த மாணவன் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவான். நீங்கள் மட்டும் அங்கேயே இருப்பீர்கள். ஒன்றும் தெரியாத புதுப் பையன்கள் வருவார்கள். மீண்டும் முதல் பாடம்!

ஒலிம்பிக் வரை

2021-ம் ஆண்டில் ஒலிம்பிக் கமிட்டி முதன்முதலாக வீடியோ விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. அதில் பேஸ்பாலுக்காகத் தேர்ந்தெடுத்தது இந்தப் பொம்மை ஆட்டத்தைத்தான். 2023-ம் ஆண்டில் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் வீடியோ விளையாட்டு விழாவிலும் கால் இல்லாத வீரர்கள் ஓடினார்கள்!

குழந்தைகள் இப்படி விளையாடும்போது, "பொழுதை வீணாக்குகிறாயே" என்று பெற்றோர் கடிந்துகொள்வது உண்டு. அளவுக்கு மிஞ்சினால் கடிய வேண்டியதுதான். களைத்தவனுக்கு ஓய்வு வேண்டும் என்று அந்த ஆட்டமே சொல்கிறது!

ஆனால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விபரீத டாக்டர் வரும் நேரத்தில், "தம்பி, நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவன் சொல்லும் பதிலில் அவனைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்!