தீக்குச்சியின் கொல்லைப்புறம்

“பையில தீப்பெட்டி, லைட்டர் ஏதும் இருந்தா இங்கயே வச்சிட்டுப் போங்க சார்.”

வாசலில் வாட்ச்மேன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் நுழையப் போவது தீப்பெட்டி ஆபீசுக்குள்! (கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) உள்ளே மலைமலையாகத் தீக்குச்சி. என் சட்டைப்பையில் ஒரே ஒரு பெட்டி. அதற்குத் தடை! மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மேசை டிராயருக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

உள்ளே போனால் தீயின் வாடையே இல்லை. மரவாடை, மெழுகுவாடை, பசைவாடை. ஏதோ தச்சுப்பட்டறைக்கும் தபாலாபீசுக்கும் பிறந்த குழந்தை போல ஓர் இடம். ஒரு பக்கம் மெல்லிய பலகைகளில் குச்சிகளை வரிசை வரிசையாகக் குத்தி நிறுத்தி இறுக்குகிறார்கள். இதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். ஒன்றை ஒன்று தொடாமல், ஒரே உயரத்தில், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நிற்கின்றன. ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவை குழந்தைகளின் விரல்கள் என்பது இந்த வட்டாரத்தின் பழைய காயம். அது இல்லாததுபோல் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

அடுக்கிய கட்டை முதலில் உருகிய மெழுகில் முங்கி எழுகிறது. ஏன் மெழுகு? இந்தக் கேள்வியைத்தான் நான் வீட்டிலிருந்தே பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மேஸ்திரி அண்ணாச்சி சிரித்தார். “மருந்து சட்டுனு எரிஞ்சு முடிஞ்சுரும். மரம் சோம்பேறி, எந்திரிக்க நேரமாகும். நடுவுல தீயை வாங்கிக் கைமாத்தி விட ஒரு ஆள் வேணும்லா?” எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. மெழுகு உருகும், ஆவியாகும், அந்த ஆவி பற்றும், அந்தச் சூட்டில் மரம் விழிக்கும். திட, திரவ, வாயு என்று ஏழாம் வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தோமே, அந்த மூன்று நிலையும் ஒரு கடுகளவு இடத்தில், கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிறது!

அடுத்தது மருந்து. பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித் தூள், எல்லாவற்றையும் பிடித்து வைக்க வச்சிரப் பசை, கண்ணுக்கு அழகாக ஒரு சாயம். குளோரேட்டுதான் இங்கே கருவூலம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று ஆக்சிஜன் அணுக்களை மடியில் முடிந்துவைத்திருக்கிறது. சூடு பட்டதும் அவிழ்த்து விடும். எரியக் காத்திருக்கும் கந்தகத்துக்கு ஊதுகுழலை யாரோ பக்கத்திலேயே நட்டுவைத்த கதை.

இனி வருகிறது ரகசியம். குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையவே கிடையாது! அது இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், நாம் உரசும் அந்தப் பழுப்புப் பட்டையில். நாற்பது வருஷமாகத் தலைக்குள்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தலை ஒரு பாதி, பட்டை மறுபாதி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ஆனால் வேறு வேறு அடுப்பில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் லேசான உரசலுக்கே வெடித்துச் சிதறும். பிரித்து வைத்ததால்தான் நாம் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறோம். 1844இல் சுவீடன் நாட்டு வேதியியலர் குஸ்தாவ் எரிக் பாஷ் காப்புரிமை வாங்கியது இந்தப் பிரிவினைக்குத்தான். பற்றவைக்க ஊரில் ஆயிரம் வழி இருந்தது; வேண்டாத நேரத்தில் பற்றாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பாஸ்பரஸின் பூர்வீகம் கேட்டால் மூக்கைப் பொத்துவீர்கள். 1669இல் ஹாம்பர்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யும் ஆசையில் மனித மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி வற்ற வைத்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் பச்சையாக மினுங்கும் ஒரு பொருள் வந்தது. அதுதான் வெள்ளைப் பாஸ்பரஸ். நம் சித்திரை வெயிலே அதைப் பற்றவைக்கப் போதும். தண்ணீருக்குள் மூழ்கடித்துத்தான் வைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதையே தீக்குச்சித் தலையில் வைத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த கதையிலும் இந்த நோய்க்கு இடமுண்டு. இன்று பட்டையில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரஸோ அதே தனிமம்தான், அணுக்கள் கைகோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. ஒன்று சாந்தம், ஒன்று ஆவேசம்.

சரி, உரசுவோமா? குச்சி பட்டையில் இழுபடுகிறது. தலையின் கண்ணாடித் தூளோடு பட்டையின் கண்ணாடித் தூள் உரசிச் சூடு பிறக்கிறது: உங்கள் கை அசைவு வெப்பமாகிவிட்டது. அந்தச் சூட்டில் சிவப்புப் பாஸ்பரஸில் துளியூண்டு வெள்ளையாக உருமாறி, காற்றுப் பட்டவுடன் பற்றுகிறது. சாந்தசொரூபிக்கு ஒரு கணம் சாமி வந்த மாதிரி! அந்தப் பொறி தலையைத் தொட, குளோரேட்டு மடியை அவிழ்க்க, கந்தகம் எரிய (மூக்கில் ஏறும் அந்த நெடி கந்தக டை ஆக்சைடு), மெழுகு ஆவியாக, கடைசியில் மரம். “சர்ர்” என்ற அந்த ஒரே சத்தத்துக்குள் இத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள்.

மரம்கூட நேரடியாக எரிவதில்லை தெரியுமா? சூட்டில் மரம் சிதைந்து வாயுக்களைக் கக்குகிறது, அவைதான் எரிகின்றன. மஞ்சள் வெளிச்சம் என்பது எரிந்து முடிக்காத கரித்துகள்கள் தகதகப்பது. மைக்கேல் பாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் குழந்தைகளுக்கு இதைக் காட்ட ஒரு மெழுகுவத்தியைத்தான் எடுத்துக்கொண்டார். நீங்களும் செய்யலாம்: வத்தியை ஊதி அணைத்து, மேலெழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே தீ புகைவழி இறங்கி வந்து உட்காரும். நான் ஒரே ராத்திரியில் பதினொரு தடவை செய்தேன். வீட்டில் திட்டு விழுந்ததும் நிறுத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. எரிந்த குச்சி இளைத்துவிடுகிறது. காணாமல்போன எடை எங்கே? கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் அறைக்குள்தான் சுற்றுகிறது. காற்றின் ஆக்சிஜனும் அதில் சேர்ந்துகொள்வதால், ஒரு குச்சி முழுக்க எரிந்தால் வெளிவரும் வாயுக்கள் அந்தக் குச்சியைவிட அதிக எடை! தராசுக்குப் புத்தி பேதலித்ததோ என்று எனக்கு முதலில் தோன்றியது.

குச்சி ஒன்று தரும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு கிலோஜூல். நூறு கிலோ மூட்டையை ஒரு மீட்டர் தூக்க அவ்வளவுதான் தேவை. ஆனால் நூறு மில்லி தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர, சூடு துளியும் வீணாகாவிட்டாலும் முப்பது குச்சி செலவாகும். மூட்டை தூக்குவது சுலபம், டீ போடுவது கஷ்டம் என்று இயற்பியலே சொல்லிவிட்டது. என் மனைவியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த, சுள்ளென்று வெயில் அடிக்கும் கரிசல் பூமி விவசாயத்துக்குத்தான் வஞ்சகம் செய்தது. மருந்து உலர அதைவிடத் தோதான ஊர் ஏது? இத்தனை வேதியியலும் அடங்கிய பெட்டி 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு ஏறியது, அதுவும் பதினான்கு வருஷம் கழித்து.

வெளியே வந்தேன். வாட்ச்மேன் டிராயரைத் திறந்து என் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வேலை முடிகிற நேரம். என்னோடு கேட்டைத் தாண்டி ரோட்டோர வேப்பமரம் வரை நடந்து வந்தவர், பீடியை உதட்டில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒரு குச்சி குடுங்க சார்.”

உரசிக் கொடுத்தேன். தீ மெழுகிலிருந்து மரத்துக்குக் கைமாறும் அந்தக் கணத்தைப் பார்க்க முகத்தைக் கிட்டே கிட்டே கொண்டுபோனேன். அவர் பீடியோடு பின்வாங்கினார்.

“என்ன சார், உங்களுக்கும் ஒன்னு வேணுமா?”