ஆணி அடிக்காமல் செங்குத்துப் பாறை ஏற முடியுமா? உயிரைத் தாங்கும் குட்டி 'நட்'... எப்படி வேலை செய்கிறது?

படகோனியா என்ற ஆடை பிராண்டின் நிறுவனர் இவோன் ஷுனார்ட், 2022-ல் தன் நிறுவனத்தின் உரிமையையே சுற்றுச்சூழலுக்காக விட்டுக்கொடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். ஆனால், அவர் அப்படியொரு முடிவை எடுத்தது அதுதான் முதல்முறை இல்லை. சரியாக 50 ஆண்டுகளுக்கு முன்பு, தனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பொருளையே கைவிடச் சொல்லி, தன் விற்பனை கேட்டலாக்கிலேயே எழுதினார். அந்தப் பொருள், பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் பிட்டான் என்ற இரும்பு ஆணி.

அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது, பாறைப் பிளவில் கையாலேயே செருகி எடுக்கக்கூடிய சின்ன உலோக ஆப்பு. இதை 'நட்' என்கிறார்கள். இதை மட்டும் நம்பி நூற்றுக்கணக்கான அடி உயரம் ஏறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எப்படி இது சாத்தியம்?

ஆணியில் என்ன பிரச்னை?

ஒரு காலத்தில் பாறை ஏறுபவர்கள் இடுப்பில் சுத்தியலோடுதான் போவார்கள். பிளவில் பிட்டானை அடித்து இறக்கி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே போவார்கள். பின்னால் வருபவர், இரண்டு பக்கமும் தட்டித் தட்டி அதைப் பிடுங்கி எடுப்பார். அடுத்த வாரம் வேறொரு குழு, அதே இடத்தில் மறுபடி அடிக்கும்.

கடினமான கிரானைட் பாறையே ஆனாலும் எத்தனை அடிதான் தாங்கும்? அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், மெல்லிய கோடு போல இருந்த பிளவுகள் குழி குழியாகச் சிதைந்தன. அங்குள்ள 'செரினிட்டி கிராக்' என்ற பாதையில் இன்று விரல் நுழைத்து ஏறும் குழிகள் பல, அந்த ஆணிகள் விட்டுச்சென்ற தழும்புகள்தான்.

ரயில் பாதையில் கிடந்த நட்டு

தீர்வு பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே ஏறுபவர்கள், பிளவுகளில் கூழாங்கற்களைச் சிக்க வைத்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். பிறகு, ரயில் பாதையோரம் கிடக்கும் போல்ட் நட்டுகளை எடுத்து, உள்ளே இருக்கும் மரையைத் தேய்த்துவிட்டுக் கயிறு கோத்துப் பயன்படுத்தினார்கள். 'நட்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1961-ல் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்ட், பாறை ஏறுவதற்கென்றே தனியாக இதை வடிவமைத்தார்.

பிரிட்டன் போய் இதைப் பார்த்துவிட்டு வந்த அமெரிக்கர் ராயல் ராபின்ஸ், 1967-ல் மனைவி லிஸ் உடன் யோசெமிட்டியில் ஒரு புதிய பாதையை நட்களை மட்டுமே பயன்படுத்தி ஏறினார். அந்தப் பாதைக்கு 'நட்கிராக்கர்' என்றே பெயர் வைத்தார்கள்.

1972-ல் ஷுனார்டின் கேட்டலாக்கில் டக் ராபின்சன் எழுதிய நீண்ட கட்டுரை, நட்களை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கியது. சில மாதங்களிலேயே ஆணி விற்பனை சரிந்தது. 1973-ல் ராபின்சன், கேலன் ரோவெல், டென்னிஸ் ஹென்னெக் மூவரும் சுமார் 2,000 அடி உயர ஹாஃப் டோம் சுவரை சுத்தியலே இல்லாமல் ஏறினார்கள். அடுத்த ஆண்டு அது நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைப்படக் கட்டுரையானது.

எப்படித் தாங்குகிறது?

விஷயம் ரொம்ப சிம்பிள். நட் என்பது மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் ஆப்பு. பிளவும் அதே மாதிரி கீழ்நோக்கிக் குறுகும் இடத்தைத் தேடிச் செருக வேண்டும். ஏறுபவர் விழுந்தால் கயிறு நட்டைக் கீழே இழுக்கும். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும். இதில் அசையும் பாகமே கிடையாது.

பெரிய நட்கள் 10 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது 1,000 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்கும். மிகச் சிறியவை 2 முதல் 4 கிலோநியூட்டன் வரைதான். பிளவு ஒரே அகலமாக இருந்தால்? அதற்கு 'ஹெக்ஸ்' என்ற அறுகோண வடிவக் கருவி இருக்கிறது. இழுத்தால் லேசாகச் சுழன்று இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திப் பிடிக்கும்.

அப்போ ஆபத்து எங்கே?

நட் கீழ்நோக்கிய இழுப்புக்குத்தான் இறுகும். கயிறு வளைந்து வளைந்து போனால் அது நட்டை வெளிப்பக்கமோ மேல்பக்கமோ இழுத்து உருவிவிடலாம். அடியில் இருப்பது முதலில் கழன்றால், ஜிப் திறப்பதுபோல ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும் அபாயமும் உண்டு. அதனால்தான் நட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே நீளமான பட்டையை மாட்டுகிறார்கள்.

கடைசி நட்டிலிருந்து 3 மீட்டர் மேலே போய்க் கை நழுவினால், குறைந்தது 6 மீட்டர் விழ வேண்டியிருக்கும். கயிறு நீள்வது தனிக்கணக்கு. அந்த நட் பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கீழே உள்ளதுதான் கதி.

இத்தனையும் நடப்பது ஒரு கையில்தான். இன்னொரு கை பிளவுக்குள் விரல்களை மடக்கி, சதையை இறுக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். சரியான அளவு நட்டை எடுத்து, பொருத்தி, இழுத்துப் பார்ப்பதற்குள் கை சோர்ந்துவிடக் கூடாது.

கேம் வந்த பிறகும் ஏன்?

1978-ல் ரே ஜார்டின் உருவாக்கிய 'ஃபிரெண்ட்ஸ்' விற்பனைக்கு வந்தது. ஸ்பிரிங் விசையில் விரியும் இந்த 'கேம்' கருவியை, ஒரே அகலமான பிளவிலும் சில விநாடிகளில் வைத்துவிடலாம். இருந்தும் நட் மறையவில்லை. விலை குறைவு, எடை குறைவு, பழுதாக ஸ்பிரிங் இல்லை. பலர் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்கள். சிலரோ கேமை வேண்டுமென்றே தரையில் விட்டுவிட்டு ஏறுகிறார்கள். பிளவு எங்கே குறுகுகிறது, எங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்று பாறையைப் படித்தே ஆக வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வரும் என்பது அவர்கள் வாதம்.

ஜெர்மனியின் சாக்சனியில் விதி இன்னும் கடுமை. அங்குள்ள மணற்கல் மென்மையானது என்பதால் நட், கேம் இரண்டுக்குமே தடை. முடிச்சுப் போட்ட கயிற்றுத் துண்டைத்தான் பிளவில் செருக வேண்டும்.

ஆர்வம் இருப்பவர்கள் நேராகப் பாறையில் தொங்கிவிட முடியாது. தரையில் நின்றபடியே பிளவுகளில் நட் வைத்து, எடைகொடுத்துப் பார்த்துப் பழகுவதும், அனுபவசாலி ஒருவருக்குப் பின்னால் ஏறி, அவர் வைத்ததைக் கழற்றிக்கொண்டே போவதும்தான் முதல் பாடம். ஒவ்வொரு நட்டையும் கழற்றும்போது, அது ஏன் தாங்கியது என்பது கைக்குப் புரிந்துவிடும்.