ஓசையடங்கிய உலோகங்காட்டி

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்னும் மூன்று மாவட்டங்களிற் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. அம்மலையூர் ஒன்றில், மண்ணுள் மறைந்து கிடந்த பழைய இரும்புக் குடிநீர்க் குழாயின் வழியைக் கண்டறிதற்பொருட்டு, பாட்டரியால் இயங்கும் உலோகங்காட்டி ஒன்றனை மாணவரோடு யாம் ஒருகாற் கொண்டு சென்றோம். குளிர் மிகுந்த காலை அது. கருவி வாளாவிருந்தது. "ஈண்டுக் குழாய் இல்லை" என யாம் துணிந்துரைக்க, ஊரார் வேறிடத்தில் நண்பகல்வரை அகழ்ந்து அயர்ந்தனர். பின்னர்ப் புதிய பாட்டரிகளை இட்டு முன்னைய இடத்திலேயே சோதித்தபொழுது கருவி ஒலித்தது. எம் அவசரத்தால் விளைந்த அவ்வீண்பாடு பிறர்க்கும் நேராவண்ணம் சில கூறுவாம்.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாயுங்கால், அதனைச் சூழ்ந்து மாறும் காந்தப்புலம் எழும். அஃது அருகிலுள்ள உலோகத்திற் சுழல் மின்னோட்டங்களைத் தோற்றுவிக்கும். அவற்றால் நேரும் சிறு மாறுதலையே கருவி ஒலியாக்கிக் காட்டும். பாட்டரி தளரின் சில கருவிகளில் உணரும் ஆழம் குறையும். சில முற்றும் அடங்கிவிடும்.

ஆதலின் முதற்கண் ஆராயத்தக்கது பாட்டரியே. புதிய ஆல்கலைன் பாட்டரி ஒன்றின் அழுத்தம் ஏறக்குறைய 1.5 வோல்ட், எட்டு சேரின் 12 வோல்ட். மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் வகையோ ஒன்றுக்கு 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்து 9.6 வோல்ட்டே தரும். அதற்கென அமையாத கருவி அதனைத் தளர்ந்த பாட்டரியாகவே கொள்ளும். பழைய பாட்டரியைத் தனியே அளப்பின் நல்லதெனவே தோன்றும். கருவி இயங்கத் தொடங்கியவுடன், அதன் உள்தடை மிகுதியால் அழுத்தம் வீழும். ஆதலின் கருவி இயங்கும்பொழுதே அளத்தல் வேண்டும். குளிரினும் உள்தடை மிகும். சட்டைப்பையில் வைத்து வெதுவெதுப்பாக்கின் ஓரளவு வலிமை மீளும். பழையதும் புதியதும் கலந்திடல் தகாது. தளர்ந்தது விரைவிற் கசிந்து கேடு செய்யும்.

அடுத்து, நேர்முனையும் எதிர்முனையும் மாறாமல் உள்ளனவா, சுருள்வில் தளர்ந்துளதா என நோக்குக. முனைகளில் வெண்பூச்சுப் படிந்திருப்பின், அது கசிந்த காரத்தால் விளைந்ததாகும். வெறுங்கையால் தொடாது பாட்டரிகளை அகற்றி, எலுமிச்சைச் சாறு தோய்த்த துணியால் முனைகளைத் துடைத்து, பின் ஸ்பிரிட்டால் தூய்மை செய்து நன்கு உலர்த்துக. கருவியை அசைக்குங்கால் மட்டும் ஓசை அறுமாயின், முனையோ கம்பியோ நெகிழ்ந்துள்ளதென்று அறிக. பணி முடிந்தபின் பாட்டரிகளைக் கழற்றி வைப்பின் கசிவால் வரும் கேடு நீங்கும்.

மாணவ நண்பர்காள்! கடைகள் அருகிய மலையிடத்துச் செல்வோர் மாற்றுப் பாட்டரிகளோடு இரும்பாணி ஒன்றனையும் கொண்டு செல்க. பணி தொடங்குமுன்னும் இடையிடையேயும் அவ்வாணியை ஒரே தொலைவில் வைத்துச் சோதித்துக் கொள்க. அதற்கு ஒலிக்கும் கருவி நிலத்தின்மேல் வாளாவிருப்பின், அப்பொழுதே "கருவி உணரும் ஆழத்தில் இங்கு உலோகம் இல்லை" எனல் தகும். அச்சிறு சோதனையை அன்று யாம் செய்திருப்பின், ஊரார் வீணே மண்வெட்டி பிடித்திரார்.